போன பிறவி பேசும் பிள்ளைகள்

(சங்கரன்கோவிலில் விசைத்தறித் தொழிலாளர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு பற்றிப் பேசத்தான் வந்தேன். மேடை ஏறுமுன் பூக்கட்டும் தாய் ஒருவர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். கூலிக் கணக்கை நமது செயலாளர் என்னைவிட நன்றாகச் சொல்லுவார். நான் அந்தத் தாய்க்குப் பதில் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

அவருடைய மூத்த மகன் ஐந்து வயதில் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனான். பின்னர் பிறந்த மகளுக்கு இப்போது நாலு வயது. "நான்தாம்மா அண்ணன். எனக்குச் செவப்பு சைக்கிள் இருந்துச்சுல்ல" என்று அவள் சொல்லுகிறாளாம். அக்கம்பக்கத்தார், செத்த பிள்ளைதான் திரும்பி வந்து பிறந்திருக்கிறான் என்கிறார்களாம். "நெசமா இருக்குமாய்யா?" என்று கேட்டார்.

பகுத்தறிவு பேசும் நம்மில் சிலர் இதைக் கேட்டவுடன் சிரித்துவிடுவார்கள். அது மட்டமான பழக்கம். பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவன் எங்காவது இருக்கமாட்டானா என்று ஏங்குவதில் கேலிக்கு என்ன இருக்கிறது? கோமதியம்மன் சந்நிதியில் புற்றுமண் வாங்கிப் பிள்ளைக்குப் பூசுகிற கையைத் தட்டிவிடவும் நான் வரவில்லை. விஷயத்தை விசாரித்துப் பார்ப்போம் என்றுதான் சொல்லுகிறேன்.

உலகம் பூராவும் பேசப்பட்ட சம்பவம் ஒன்று நமது நாட்டிலேயே நடந்தது. டில்லியில் 1926-ல் பிறந்தவர் சாந்தி தேவி. நாலு வயது வாக்கில், தன் ஊர் மதுரா, தன் புருஷன் அங்கே துணி வியாபாரி என்று சொல்ல ஆரம்பித்தார். மதுராவுக்குக் கடிதம் போயிற்று. கேதார்நாத் சௌபே என்ற வியாபாரி பதில் எழுதினார். அவர் மனைவி லுக்தி 1925-ல் பிரசவத்துக்குப் பின் இறந்திருந்தார். முதலில் உறவினர் ஒருவர் டில்லிக்கு வந்தார். பிறகு அவரே மகனையும் அழைத்துக்கொண்டு வந்தார். அதற்கெல்லாம் பிறகுதான், 1935 நவம்பரில், 15 பேர் கொண்ட குழு சிறுமியை மதுராவுக்கு அழைத்துச் சென்றது. அவர் வீட்டைக் காட்டினார், உறவினரை அடையாளம் சொன்னார், நாடே அதிசயித்தது.

வரிசையைக் கவனியுங்கள். இரு குடும்பங்களும் சந்தித்துப் பேசியாகிவிட்டது. சோதனை அப்புறம் நடக்கிறது! முதன்முதலில் குழந்தை என்ன சொன்னது, பெரியவர்கள் என்ன கேட்டார்கள், யார் எதை எடுத்துக் கொடுத்தார்கள் என்பதற்கு அன்றன்றைக்கு எழுதிவைத்த குறிப்பு வேண்டாமா? நம் ஊர்ச் சப் கோர்ட்டில் ஒரு வாய்க்கால் வரப்பு வழக்குக்குக்கூட இந்தச் சாட்சியம் போதாது.

குழந்தை பொய் சொல்லுகிறது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான குழந்தைகள் பொய் சொல்லுவதில்லை. ஆனால் நினைவு என்பது பெட்டியில் பூட்டிவைத்த சேலை அல்ல. எடுக்கும்போதெல்லாம் புதிதாக நெய்யப்படுகிறது. அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ் என்ற மனோதத்துவ விஞ்ஞானி 1995-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். வளர்ந்த மனிதர்கள் 24 பேரிடம், "சிறுவயதில் நீ கடைவீதியில் தொலைந்துபோனாய், உன் வீட்டாரே சொன்னார்கள்" என்று நடக்காத ஒன்றைச் சொன்னார்கள். கால்வாசிப் பேர், ஆமாம், நினைவிருக்கிறது என்று முழுவதுமாகவோ அரைகுறையாகவோ ஒப்புக்கொண்டார்கள். வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி. நாலு வயதுக் குழந்தை, மாலை போட்ட அண்ணன் படத்தின் கீழே படுத்துத் தூங்குகிறது. பூக்கட்டிக்கொண்டே தாய் அந்தச் சைக்கிளைப் பற்றிப் பத்துப் பேரிடம் சொல்லி அழுவதைக் கேட்கிறது. அண்ணன் பெயரைச் சொன்னால் அம்மா முகம் மலர்கிறது என்பதையும் கண்டுகொள்கிறது. அதற்குமேல் என்ன வேண்டும்?

இந்த விஷயத்தில் அதிகம் உழைத்தவர் இயான் ஸ்டீவன்சன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், 2007-ல் காலமானார். இந்தியா, இலங்கை, லெபனான், பர்மா என்று அலைந்து 2,500-க்கும் மேற்பட்ட சம்பவங்களைச் சேகரித்தார். மோசடிக்காரர் அல்ல, மறுபிறவி நிரூபணமாகிவிட்டது என்று அவர் அடித்துச் சொல்லவுமில்லை. ஆனால் அவர் சேகரித்த விவரமே வேறொரு கதையைச் சொல்லுகிறது. லெபனானின் துரூஸ் மக்கள், ஆண் ஆணாகவே பிறப்பான் என்று நம்புகிறார்கள். அங்கே ஆண் பெண்ணாகப் பிறந்த சம்பவம் கிடைக்கவில்லை. பர்மாவில் மாறிப் பிறக்கலாம் என்று நம்புகிறார்கள். அங்கே ஏராளம் கிடைத்தன. அலாஸ்காவின் டிலிங்கிட் பழங்குடியினர் தாய்வழிக் குலத்தவர். அங்கே இறந்தவர் தாய்வழி உறவிலேயே வந்து பிறக்கிறார். ஆத்மாவுக்கு நாட்டுக்கு நாடு தனித்தனிச் சட்டமா?

நம் பக்கம் பாருங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவக் கழகத்தில் பணிபுரிந்த சத்வந்த் பஸ்ரீச்சா, தென்னிந்தியாவில் மட்டும் இப்படிப்பட்ட சம்பவங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டு 2001-ல் ஒரு கட்டுரையே எழுதினார். வினையையும் பிறவியையும் நம்பாத ஊரா இது? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து, தாத்தாவே வந்துவிட்டார் என்று கொஞ்சுகிற ஊர். மணிமேகலை மணிபல்லவத்தில் தன் பழம்பிறப்பை அறிந்ததாகக் காவியம் பாடிய ஊர். 1963-ல் 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தைப் பார்த்து நம் பெரியவர்கள் கண்ணீர் விட்டார்கள். ஆனால் இங்கே குழந்தை சொல்லுவதைக் கொஞ்சி மகிழ்ந்து விட்டுவிடுகிறோம். ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டுபோய் வீடு தேடுவது வழக்கமில்லை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த சி. டி. கே. சாரி, இச்சம்பவங்களுக்கு உருக்கொடுப்பது அந்தந்தச் சமூகத்தின் நம்பிக்கைதான் என்று ஸ்டீவன்சனோடு வாதாடினார். இறந்தவர் மீண்டும் பிறப்பதில்லை என்று சித்தர் சிவவாக்கியர் பாடியதும் இந்தத் தமிழில்தான்.

இதில் என்ன நஷ்டம், அந்தத் தாய்க்கு ஆறுதலாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் குழந்தைக்கு. ஒன்பது வயதுகூட நிரம்பாத சாந்தி தேவி, தன்னைவிட ஒரு வயது மூத்த பையனுக்குத் தாயாகிப் போனார். 1987-ல் இறக்கும்வரை அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இறந்துபோன ஒரு பெண்ணின் வாழ்க்கை அவர் தோளில் ஏறிக்கொண்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1954-ல் உத்தரப்பிரதேசம் முசாபர்நகர் ஜில்லாவில் மூன்றரை வயது ஜாட் சிறுவன் அம்மை கண்டு, செத்தான் என்று கருதப்பட்டுப் பிழைத்தான். பிழைத்தவன், தான் வேற்றூர்ப் பிராமணன் என்று சொல்லி வீட்டுச் சோற்றைத் தொட மறுத்தான். பக்கத்துப் பிராமணப் பெண் ஒருவர் சுமார் ஒன்றரை வருஷம் அவனுக்குத் தனியாகச் சமைத்துப் போட்டார். (அவன் தன்னையே எனச் சொன்ன மனிதன் இறந்தபோது இவனுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. மறுபிறவிக் கணக்குக்கே இது ஒத்துவரவில்லை!) பெற்ற தாய் வடித்த சோறு மகனுக்குத் தீட்டாகிவிட்டது, தோழர்களே! பால்குடி மறந்த பிள்ளைக்குச் சாதியை யார் சொல்லிக் கொடுத்தது? பூர்வஜென்மமா, தெருவா?

அம்மா, உங்களுக்கு நான் சொல்லுவது இதுதான். பிள்ளை பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். அதட்டாதீர்கள். "அப்புறம் என்ன செய்தாய், அது உனக்குத் தெரியுமா" என்று துருவவும் வேண்டாம். ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசச் சொல்லவே வேண்டாம். ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே இந்தப் பேச்சை விட்டுவிடுகின்றன, ஸ்டீவன்சனே எழுதிவைத்திருக்கிறார். அவளுக்கு அவள் பெயரே இருக்கட்டும். அண்ணனை நினைத்து அழவேண்டுமானால் அழுங்கள், அவனுக்காக அழுங்கள்.

அவன் போன ஜென்மத்துப் பாவத்தால் போய்விட்டான் என்று யாராவது சொன்னால் மட்டும் பொறுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பேச்சு எவ்வளவு சௌகரியமானது என்று பாருங்கள்! கூலி குறைவா, கர்மபலன். பிள்ளை செத்ததா, கர்மபலன். யாரும் யாருக்கும் ஜவாப் சொல்லவேண்டியதில்லை. டெங்குவைக் கொண்டுவருவது ஏடிஸ் கொசு. அது நல்ல தண்ணீரில், குடத்திலும் தொட்டியிலும் மூடாமல் நிற்கிற தண்ணீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். குழாயில் நாள் கணக்கில் தண்ணீர் வராத தெருவில் ஜனங்கள் குடத்தில் பிடித்து வைக்காமல் என்ன செய்வார்கள்? வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். துணி போட்டு இறுக்கி மூடுங்கள். தினசரிக் குடிதண்ணீர் கேட்டு எழுதிய மனு மேடைக்கு இடப்பக்க மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போடாதவர்கள் கலையுமுன் போட்டுவிட்டுப் போங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் இருக்கிறது.