குடலின் காவற்சுவர்

உண்ட உணவு குடலை அடைந்ததும் உடலுக்குள் சேர்ந்துவிட்டது என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது இன்னும் வாயிலில்தான் நிற்கிறது. உணவுக்கும் உதிரத்துக்கும் இடையே ஒரு சுவர் உண்டு. அதன் கனம் ஒரே ஓர் உயிரணு அடுக்கு. அவ்வணுக்களை ஒக்லூடின் முதலிய புரதங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கின்றன. சத்து உள்ளே வரவேண்டும். குடலில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வெளியே நிற்கவேண்டும். சில நாட்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும் இச்சுவரை மேற்பார்ப்பது யார்?

மேற்பார்வையாளருள் ஒருவகையினர் நுண் ஆர்.என்.ஏ.க்கள். இன்ன புரதத்தைச் செய்க என்னும் மரபணுவின் கட்டளையைத் தூது ஆர்.என்.ஏ. ஏந்திச் செல்கிறது. ஏறத்தாழ 22 கண்ணிகளே கொண்ட நுண் ஆர்.என்.ஏ. அத்தூதின்மீது ஒட்டிக்கொண்டு அதன் வாயை அடைத்துவிடும். அல்லது அதைச் சிதைத்துவிடும். இதனை 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவொன்றில் கண்டறிந்த அமெரிக்க அறிஞர்கள் விக்டர் ஆம்ப்ராஸ், கேரி ரவ்குன் ஆகிய இருவருக்கும் 2024-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

குடலில் இவற்றின் வேலை என்ன? சுண்டெலிகளின் குடலணுக்களில் நுண் ஆர்.என்.ஏ.க்களை உருவாக்கும் நொதியை நீக்கிப் பார்த்தார்கள். சுவரின் காவல் தளர்ந்தது, அழற்சி மூண்டது. அப்படியானால் அவை மிகுந்தால் நன்மைதானே எனலாம். அதுவும் இல்லை. அழற்சியின்போது சுரக்கும் டி.என்.எஃப். என்னும் பொருள், 122ஏ என்னும் நுண் ஆர்.என்.ஏ.வைப் பெருக்குகிறது. அது ஒக்லூடினுக்கான தூதினை அழிக்கிறது. பிணைப்பு நெகிழ்கிறது, வேண்டாதவை உட்புகுகின்றன, அழற்சி மேலும் வளர்கிறது. ஆகவே குறைவும் கேடு, மிகுதியும் கேடு.

நம் நாட்டுக்கு இதில் தனி அக்கறை உண்டு. கிரோன் நோய் என்னும் குடல் அழற்சியும் குடற் காசநோயும் தோற்றத்தில் பெரிதும் ஒத்திருப்பவை. ஆனால் சிகிச்சையோ வேறு. முன்னதற்குத் தரும் ஸ்டீராய்டு மருந்தைக் காசநோயாளிக்கு மட்டும் கொடுத்தால், அந்நோய் கட்டுக்கடங்காமல் பரவக்கூடும். இவ்விரண்டையும் ஐயமறப் பிரித்துக் காட்டும் அடையாளம் ஒன்றை நுண் ஆர்.என்.ஏ.க்கள் தருமாயின், அது பெரும் பேறாகும். எனினும் அத்தகைய சோதனை இன்னும் மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வரவில்லை. உள்நோக்கிக் கருவியும் திசுச் சோதனையும் தேர்ந்த மருத்துவரின் நிதானமுமே இன்று துணை.

ஆதலால் மலத்தில் இரத்தம், நாட்பட்ட வயிற்றுப்போக்கு, காரணமற்ற மெலிவு இவற்றுள் எது தோன்றினும், கூச்சத்தால் மறைக்காமலும் பிறர் சொன்ன மருந்தை விழுங்காமலும் உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். ஓரணுக் கனமுள்ள சுவர், காலதாமதத்தைப் பொறுக்காது.