பறவையிடம் தோற்ற பட்டாளம்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம், சமூக ஊடகங்களில் உலவும் கேலிப் படங்களைக் கொண்டு சரித்திரத்தைப் பார்க்கலாமா, கூடாதா என்பதாகும். மீம் என்று வாலிபர்கள் சொல்லும் இப்படங்களைக் கண்டாலே முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். சரித்திரம் கம்பீரமான விஷயமாம். அதில் பரிகாசத்திற்கு இடமில்லையாம். இந்த அபிப்பிராயத்தை நாம் ஒப்புக் கொள்வதற்கில்லை. கம்பீரமாகச் சொல்லப்பட்ட ஒரே காரணத்தால் எத்தனையோ பொய்கள் கேட்பாரற்று நிலைத்துவிட்டன. சிரிக்கத் துணிகிறவன் கேள்வி கேட்கவும் துணிவான். ஆனால், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டாமா?

ஒரு உதாரணம் சொல்லுகிறோம். ஆஸ்திரேலியா தேசம் ஈமு என்னும் பறவையோடு யுத்தம் செய்து தோற்றுப் போயிற்று என்கிற கேலி உலகமெங்கும் பரவியிருக்கிறது. ஈமுவுக்குப் பட்டாளத் தொப்பி மாட்டிப் படம் போடுகிறார்கள். பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டிய சங்கதிதான். 1932 நவம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் காம்பியன் பகுதிக்கு, மேஜர் மெரிடித் என்பவர் தலைமையில், இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளும் 10,000 தோட்டாக்களும் அனுப்பப்பட்டன. எதிரி யார் என்றால், கோதுமை வயலில் மேய்ந்த சுமார் 20,000 பறவைகள்! அவை கூட்டங் கூட்டமாகச் சிதறி ஓடின. துப்பாக்கி இடையில் சிக்கிக் கொண்டது. ஒரு வாரத்திற்குள் பட்டாளம் திருப்பி அழைக்கப்பட்டது. மறுபடியும் போயிற்று, டிசம்பரில் திரும்பிற்று. 9,860 தோட்டாவுக்கு 986 பறவை விழுந்ததாக மேஜர் கணக்குக் கொடுத்தார். பறவை ஒன்றுக்குப் பத்துத் தோட்டா, ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை! இவ்வளவு சுத்தமான கணக்கை நம்பத்தான் வேண்டுமா என்பதை உங்கள் அறிவுக்கே விட்டு விடுகிறோம்.

இவ்வளவோடு சிரித்துவிட்டுப் போகிறவன் பாதிச் சரித்திரத்தைத்தான் பார்த்தவனாவான். பட்டாளத்தைக் கூப்பிட்ட குடியானவர்கள் யார்? அவர்களில் அநேகர் 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்திலிருந்து உயிரோடு திரும்பிய சிப்பாய்கள். அவர்களுக்குச் சர்க்கார் நிலங் கொடுத்துக் கோதுமை பயிரிடச் சொல்லிற்று. 1929-ல் உலகமெங்கும் வியாபார மந்தம் வந்தது. கோதுமை விலை விழுந்தது. விலை விழுந்த காலத்திலும், "இன்னும் அதிகமாக விளைவியுங்கள், உதவி செய்கிறோம்" என்றது சர்க்கார். சொன்ன உதவியோ வந்து சேரவில்லை. விலையுமில்லாமல் உதவியுமில்லாமல் நின்றவன் வயலில்தான் ஈமுவும் இறங்கிற்று. அவன் கேட்டது பிழைக்க வழி. கிடைத்தது இயந்திரத் துப்பாக்கி. அதற்கும் தோட்டாச் செலவு அவன் தலையிலேயே விழுந்தது!

பறவையின் மேல் குற்றமுண்டா? குஞ்சு பொரித்த பின் உள்நாட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் போவது அதன் வழக்கம். வழியில் காடழித்த நிலமும், ஆடு மாடுகளுக்கு வைத்த தண்ணீரும் இருந்தால் தங்காமல் என்ன செய்யும்? அந்த நிலந்தான் யாருடையது? வெள்ளையர் வருமுன் பல்லாயிரம் வருஷம் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளுடையது. அப்பூர்வகுடிகளிலும் அதே யுத்தத்தில் சண்டை போட்டவர்கள் உண்டு. ஆனால் சிப்பாய்களுக்கு நிலம் பங்கிட்டபோது அவர்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது. இந்த அநியாயத்தைக் கேலிப்படத்தில் காணோம்.

பின்னால் நடந்ததையும் கேளுங்கள். 1934-ல், கொன்ற பறவைக்கு இனாம் என்னும் முறையில் ஆறே மாதத்தில் 57,034 பறவைகளுக்கு இனாம் கோரப்பட்டது. பட்டாளம் சாதிக்காததைக் குடியானவர்களே சாதித்தார்கள். ஆகவே தோற்றது குடியானவனல்ல. வாக்குறுதியை மறந்துவிட்டு ஆர்ப்பாட்டமாகத் துப்பாக்கி அனுப்பிய நிர்வாகமே தோற்றது. கேலி அங்கே போய் விழுந்தால் அது நல்ல கேலி. ஏமாந்தவன் தலையில் விழுந்தால் கெட்ட கேலி.

ஆகையால் தோழர்களே! இம்மாதிரிப் படம் கைக்கு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். சிரித்தபின், இது எந்த வருஷம் நடந்தது, யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம், படத்தில் விடப்பட்டவன் யார் என்று விசாரியுங்கள். விசாரித்து அறிந்ததை, அந்தப் படத்தை அனுப்பியவருக்கும் எழுதுங்கள் என்று கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.