அந்த முகம் ஆருடையது?

2019இல் வெளிவந்த 'வன்னி' என்ற சித்திரக் கதைநூலைப் பற்றித்தான் கதைக்கப் போறன். எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ். 2008 செப்டம்பரில் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியதே, அதுவரை அங்கே வேலை செய்தவர். கறுப்பு வெள்ளையில் கையால் வரைந்தவர் லிண்ட்சே பொலொக். தப்பி வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு ஒரு கற்பனைக் குடும்பத்தை உருவாக்கியிருக்கிறார்கள்.

கூடப் படிக்கும் ஜெர்மன் நண்பர்களுக்குக் காட்டினேன். "இது உண்மையா, கற்பனையா?" என்பதுதான் முதல் கேள்வி. டோர்ட்முண்ட் வீட்டில அம்மா அப்பிடிக் கேக்கேல்லை. ஒரு படத்தில விரலை வைச்சு, "இந்தப் பிள்ளை ஆர்?" எண்டா.

"கற்பனைதான், அம்மா."

"இருக்கட்டும்" எண்டுபோட்டு அடுத்த பக்கத்திலயும் முகம் தேடினா.

புகைப்படம் என்றால் சாட்சி சொன்னவர் மாட்டுப்பட்டிருப்பார். ஊரில் அவருக்குச் சொந்தக்காரர் இருப்பினம். வரைந்த கோடு அவரை மறைக்கிறது. அந்த மறைத்த முகத்தில்தான் அம்மா தன்ர ஆக்களைக் காணுறா. நண்பர்களின் கேள்வியில் பிழையில்லை. ஆனால் போர் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் சாட்சி ஏன் ஒளிய வேண்டும் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

நூலகத்துப் புத்தகம் அது. தவணை முடிஞ்சுது, அம்மா இன்னும் திருப்பித் தரேல்லை.