சிறிய பணத்தில் ஒரு மடிக்கணினி, அதற்குள் மூன்று கணினிகள்

(கணினிக் கல்வி பயில்வோருக்கும் அவர்தம் பெற்றோருக்குமாக மன்றத்தின் நூலகத்தில் நடைபெற்ற தமிழ்வழித் தகவல் அமர்வில் ஆற்றப்பட்ட உரை)



இலண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், கணினி வலையமைப்பு, இணையப் பாதுகாப்பு, சேவையக நிர்வாகம் ஆகிய துறைகளைப் பயில்வோர் பலர் உளர். பாடசாலை முடித்துக் கல்லூரி செல்லும் இளையோரும், பகலில் ஒரு வேலையும் இரவில் படிப்புமாக வாழும் பெரியோரும் அவர்களுள் அடங்குவர். இத்துறைகளில் ஏட்டுக்கல்வி மட்டும் போதாது. ஒரு சேவையகத்தை நிறுவி, அதனைப் பழுதாக்கி, மீண்டும் சீராக்கிப் பழகினால்தான் தொழில் கைவரும். அதற்கென மூன்று நான்கு கணினிகளை வாங்கி வீட்டில் அடுக்குவது எவராலும் இயலாது. ஆகவே, ஒரே கணினிக்குள் பல கணினிகளை மென்பொருள் வடிவில் இயக்குகின்றனர். அவையே மெய்நிகர் இயந்திரங்கள் எனப்படுகின்றன.

நூலகத்தில் உள்ள பொதுக் கணினிகளில் இத்தகைய மென்பொருளை நிறுவ இயலாது. எனவே மாணவருக்குச் சொந்தக் கணினி தேவைப்படுகின்றது. புதிய மடிக்கணினியைத் தவணை முறையில் வாங்கும் குடும்பங்கள், பெரும்பாலும் எட்டு ஜிபி நினைவகம் மட்டுமே கொண்ட மெல்லிய கருவி ஒன்றைப் பெறுகின்றன. அது பளபளப்பாக இருக்கும்; கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் குறைவின்றி உதவும். இரண்டாவது மெய்நிகர் இயந்திரத்தைத் தொடங்கியதும் உறைந்து நிற்கும். செய்முறைப் பாடத்தை முடிக்க இயலாத மாணவர், தமக்குத் திறமை இல்லை என்று எண்ணத் தொடங்குவார். குறை இயந்திரத்தினுடையது, பழியோ படிப்பவர் மீது விழுகின்றது. தவணையோ மாதந்தோறும் தொடர்கின்றது.

இதனைத் தவிர்க்கும் வழி உண்டு. நிறுவனங்கள் சில ஆண்டுகள் பாவித்துவிட்டு விற்கும் அலுவலக வகை மடிக்கணினிகள், பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்து, புதிய மலிவுக் கருவிகளைக் காட்டிலும் இப்பணிக்கு நன்கு உழைப்பன. எதைப் பார்த்து வாங்குவது என்பதை அறிந்திருத்தலே தேவை.

முதலில் நினைவகம்

மெய்நிகர் இயந்திரங்களைப் பொறுத்தவரை, பணத்தை முதலில் செலவிட வேண்டிய இடம் ரேம் எனப்படும் நினைவகமே. செயலியின் நேரத்தைப் பல இயந்திரங்கள் மாறி மாறிப் பகிர்ந்துகொள்ளும். அதனால் வேகம் குறையுமே தவிர, வேலை நடக்கும். நினைவகம் அவ்வாறன்று. ஓர் இயந்திரத்திற்கு ஒதுக்கிய நினைவகம் பெரும்பாலும் அதற்கே உரியது. போதாதபோது கணினி தன் சேமிப்பகத்தை நினைவகம் போலப் பயன்படுத்த முற்படும். அந்நிலையில் சுட்டியை அசைப்பதுகூடச் சிரமமாகிவிடும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். வலையமைப்பு மாணவர் ஒருவர் விண்டோஸ் சேவையகம் ஒன்றுக்கு நான்கு ஜிபி, விண்டோஸ் 11 பயனர் கணினி ஒன்றுக்கு நான்கு ஜிபி, லினக்ஸ் கணினி ஒன்றுக்கு இரண்டு ஜிபி என ஒதுக்குகின்றார். கூட்டுத்தொகை பத்து. இவற்றைத் தாங்கும் மூலக் கணினிக்கும் ஏறத்தாழ நான்கு ஜிபி வேண்டும். மொத்தம் பதினான்கு. ஆகவே எட்டு ஜிபி கொண்ட கருவியில் இப்பாடம் நடவாது. 16 ஜிபியில் மட்டுமட்டாக நடக்கும். 32 ஜிபியில் இலகுவாக நடக்கும்.

எனினும், இன்று எவ்வளவு நினைவகம் உள்ளது என்பதைவிட, நாளை எவ்வளவு சேர்க்கலாம் என்பது முக்கியமானது. சில மடிக்கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையுடன் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனை ஒருபோதும் கூட்ட இயலாது. லெனோவோவின் எக்ஸ்1 கார்பன் வரிசை இதற்கு எடுத்துக்காட்டு. மெலிவுக்கும் எடைக்குறைவுக்கும் பெயர்பெற்ற அக்கருவியை எட்டு ஜிபியுடன் வாங்கியவர், கடைசிவரை எட்டு ஜிபியுடனேயே இருக்க வேண்டும். மாறாக, 2018ஆம் ஆண்டு வெளிவந்த திங்பேட் டி480, எச்பி எலைட்புக் 840 ஜி5, டெல் லாட்டிட்யூட் 5490 ஆகியவற்றில் நினைவகத்திற்கு இரு செருகிடங்கள் உள்ளன. இன்று எட்டு ஜிபியுடன் வாங்கி, இயன்றபோது கூட்டிக்கொள்ளலாம். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அமைப்பு மாறக்கூடும்: டி480இல் இரு செருகிடங்கள்; அதன் மெல்லிய உடன்பிறப்பாகிய டி480எஸ்-இல் ஒரு செருகிடமே உண்டு, எஞ்சிய நினைவகம் பற்றவைக்கப்பட்டது. ஆகவே மாதிரிப் பெயரை முழுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்போடு ஒப்பிட வேண்டும்.

அடுத்தது செயலி

விற்பனையாளர்கள் 'ஐ7' என்று சொல்லி விலையை உயர்த்துவதுண்டு. அந்தப் பெயர் மட்டும் எதனையும் உறுதிசெய்வதில்லை. மடிக்கணினிகளுக்கான இன்டெல் ஐ7-7500யூ என்னும் ஏழாம் தலைமுறைச் செயலியில் இரண்டு உட்கருக்களே உள்ளன. 2017ஆம் ஆண்டில் வந்த எட்டாம் தலைமுறை ஐ5-8250யூ செயலியிலோ நான்கு உள்ளன. மெய்நிகர் இயந்திரங்களுக்கு உட்கருக்களின் எண்ணிக்கை முக்கியம் என்பதால், இங்கே 'ஐ5' என்னும் தாழ்ந்த பெயரே உயர்ந்த பொருள். பெயருக்குப் பின்வரும் எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்துத் தலைமுறையை அறியலாம். பத்தாம் தலைமுறை முதல் அது இரண்டு இலக்கமாகும்.

எட்டாம் தலைமுறையை எல்லையாகக் கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்கும் இன்டெல் செயலிகள், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், லினக்ஸ் இயங்குதளத்தை மட்டுமே பாவிக்க எண்ணுபவருக்கே அது பொருந்தும். சற்றுக் கூடுதலாகச் செலவிட இயன்றவர், 2020ஆம் ஆண்டின் ரைசன் 5 புரோ 4650யூ போன்ற ஆறு உட்கருச் செயலி கொண்ட கருவியைத் தேடலாம். ஆயினும் அத்தகைய கருவிகள் சிலவற்றில் நினைவகத்தின் ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டிருப்பதால், மேற்கூறிய சோதனையை அங்கும் மறத்தலாகாது.

செயலி மெய்நிகராக்கத்தைத் தன் வன்பொருளிலேயே ஆதரிக்க வேண்டும். இன்டெல் இதனை விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டி இதனை ஏஎம்டி-வி என்றும் அழைக்கின்றன. மேலே சொன்ன செயலிகள் அனைத்திலும் இவ்வசதி உண்டு. ஆனால் கணினியின் பயாஸ் அமைப்பில் அது அணைக்கப்பட்டிருக்கலாம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் செயலிக்குரிய பகுதியைப் பார்த்தால், மெய்நிகராக்கம் இயங்குநிலையில் உள்ளதா என்பது ஒரு வரியில் தெரியும்.

ஆப்பிளின் எம்1 வகை மடிக்கணினிகள் வேகமும் தரமும் உடையனவே. எனினும் அவற்றின் செயலி வேறு கட்டமைப்பைச் சேர்ந்தது. இன்டெல் வகைக்கென ஆயத்தம் செய்யப்பட்ட பயிற்சி இயந்திரங்கள் அதில் நேரடியாக இயங்கா. போலச்செய்யும் மென்பொருள் வழியே இயக்கினால் மிக மெதுவாகவே நகரும். கல்லூரி தரும் பயிற்சிக் கோப்புகள் எவ்வகையின என்று ஆசிரியரைக் கேட்டறிந்த பின்னரே அதனை எண்ண வேண்டும். குரோம்புக் இப்பணிக்கு உரியதன்று.

சேமிப்பகம்

சுழலும் வன்தட்டில் ஒரே நேரத்தில் மூன்று இயங்குதளங்கள் எழுதவும் படிக்கவும் முயலும்போது, அதன் ஊசி இங்குமங்கும் ஓடிக் களைக்கும். ஆகவே எஸ்எஸ்டி இன்றியமையாதது. அளவையும் கணக்கிடலாம். விண்டோஸ் 11 இயந்திரத்திற்கு 64 ஜிபி, சேவையகத்திற்கு 40 ஜிபி, லினக்ஸுக்கு 25 ஜிபி என வைத்தால் ஏறத்தாழ 130 ஜிபி ஆகின்றது. மூலக் கணினியின் தேவையும், பழுதாக்குமுன் எடுத்துவைக்கும் நிலைப்பதிவுகளும் இதற்கு மேலானவை. 256 ஜிபி விரைவில் நிரம்பும். 512 ஜிபி போதுமானது. அலுவலக வகைக் கருவிகள் பெரும்பாலானவற்றில் எஸ்எஸ்டியைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், நினைவகத்திற்கு அடுத்த இடமே இதற்கு.

மென்பொருளுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு இலவசமானது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கப்படுகின்றது. லினக்ஸில் கேவிஎம் உள்ளமைந்தே வருகின்றது. விண்டோஸின் ஹைப்பர்-வி மட்டும் ஹோம் பதிப்பில் இல்லை. புரோ பதிப்பில் உண்டு.

வாங்குமுன் நேரில் பார்க்க வேண்டியவை

நிறுவனங்களிலிருந்து வரும் கருவிகளில் பூட்டுகள் எஞ்சியிருக்கக்கூடும். முதலாவது, பயாஸ் கடவுச்சொல். விற்பவர் முன்னிலையிலேயே கணினியை மீளத் தொடங்கி, பயாஸுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். கடவுச்சொல் கேட்டால், அதனை விற்பவர் நீக்கித் தரும்வரை பணம் கொடுத்தலாகாது. சில வகைகளில் அதனை நீக்கத் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டிவரும். மெய்நிகராக்கம் அணைந்திருந்து பயாஸும் பூட்டியிருந்தால், அக்கருவி இத்தேவைக்கு முற்றிலும் பயனற்றது.

இரண்டாவது, நிறுவன மேலாண்மைப் பூட்டு. விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்தவுடன், ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவு கேட்குமாயின், அக்கருவி இன்னும் அந்நிறுவனத்தின் பதிவில் உள்ளது என்று பொருள். அது முறையாக விடுவிக்கப்படாததாகவோ திருடப்பட்டதாகவோ இருக்கலாம். இரு நிலையிலும் விலகுவதே நன்று.

மூன்றாவது, மின்கலம். விண்டோஸ் தரும் மின்கல அறிக்கையில், தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவும் இன்று நிரம்பும் கொள்ளளவும் அருகருகே காட்டப்படும். இன்றைய அளவு பாதிக்கும் கீழே இருந்தால், புதிய மின்கலத்தின் விலையைக் கழித்துப் பேரம் பேச வேண்டும்.

பின்னர் விசைப்பலகையின் எல்லா விசைகளையும், எல்லாத் துறைகளையும், கீல்களையும், மின்னேற்றியையும் சோதிக்க வேண்டும். கால் மணி நேரம் கணினியை ஓடவிட்டு, விசிறி ஒழுங்காகச் சுழல்கின்றதா, அளவுமீறிச் சூடாகின்றதா என்றும் பார்ப்பது நல்லது. ஒரே மாதிரிப் பெயரில் வெவ்வேறு செயலிகளும் திரைகளும் வருவதுண்டு என்பதால், விளம்பரத்தில் சொன்ன விவரங்களைக் கருவியின் திரையிலேயே ஒப்புநோக்க வேண்டும்.

எவரிடம் வாங்குவது

ஐக்கிய இராச்சியத்தில் வணிகரிடம் வாங்கிய பாவித்த பொருளுக்கும் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். விலைக்கும் வயதுக்கும் ஏற்ற தரம் அதில் இருக்க வேண்டும். குறை இருந்தால் முதல் 30 நாட்களுக்குள் பொருளை மறுத்து முழுப் பணத்தையும் கோரலாம். அதன் பின்னரும், ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிறுவுவது வணிகரின் பொறுப்பு. வணிகரிடம் இணையவழி வாங்கினால், பொருள் கைக்கு வந்த பின் 14 நாட்களுக்குள், காரணம் எதுவும் கூறாமலே கொள்வனவைக் கைவிடலாம்.

தனியாரிடம் வாங்கும்போது இப்பாதுகாப்பின் பெரும்பகுதி இல்லை. பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும், அதனை விற்கும் உரிமை விற்பவருக்கு இருக்க வேண்டும் என்பனவே எஞ்சும். எனவே தனியாரிடம் கேட்கும் விலை கணிசமாகக் குறைந்திருந்தாலன்றி, பற்றுச்சீட்டுத் தரும் வணிகரை நாடுவதே அறிவுடைமை. தனியாரிடம் வாங்குவதாயின், விளம்பரத்தின் படியைச் சேமித்து வைக்க வேண்டும். கருவியைப் பார்க்குமுன் வங்கிவழிப் பணம் அனுப்பலாகாது. 100 பவுணுக்கு மேற்பட்ட பொருளைக் கடனட்டையில் வாங்கினால், வணிகர் வாக்குத் தவறும்போது அட்டை வழங்கிய நிறுவனத்திடமும் இழப்பீடு கோரலாம். பிணக்கு ஏற்படின் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இலவசமாக ஆலோசனை வழங்குகின்றது.

பணத்தைப் பங்கிடல்

கையில் 300 பவுண் உள்ள குடும்பம், முழுத் தொகையையும் கருவிக்கே கொடுத்துவிடலாகாது. மூன்றில் இரு பங்கைக் கருவிக்கும், எஞ்சியதை நினைவகம், எஸ்எஸ்டி, மின்கலம் ஆகியவற்றுக்கும் ஒதுக்குதல் தகும். நினைவகத்தின் விலை ஏறி இறங்குவது. ஆகவே எட்டு ஜிபி கருவியை வாங்கிக் கூட்டுவதா, 16 ஜிபி உள்ளதையே வாங்குவதா என்பதை அன்றைய விலையை ஒப்பிட்டே முடிவுசெய்ய வேண்டும். கீறல் விழுந்த மூடிக்கு விலை குறையும், வேகம் குறையாது. வெளியழகில் விட்டுக்கொடுப்பவருக்கு உள்ளே மிகும்.

இவ்வளவும் பார்த்த பின்னும் தகுந்த கருவி கிட்டவில்லையெனில், ஒரு வாரம் பொறுப்பதால் இழப்பு ஒன்றுமில்லை. அதுவரை, உள்ள கணினியில் இரண்டு ஜிபி நினைவகத்தோடு ஒரே ஒரு லினக்ஸ் இயந்திரத்தை இயக்கி மாணவர் பழகத் தொடங்கலாம். சேவையகத்தின் பாடங்களுள் பெரும்பகுதி கட்டளை வரியிலேயே நிகழ்வது. அதற்கு அதுவே போதும்.

இரவுப் பணியில் மணிக்கணக்கில் நின்று சேர்த்த பணம் அது. அப்பணம் வாங்கும் கருவி, பிள்ளையின் கையில் தொழிலாக மாற வேண்டும். முழு மாதிரிப் பெயர், நினைவகச் செருகிடங்கள், செயலியின் எண், பயாஸ் பூட்டு, பற்றுச்சீட்டு ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்பவர் ஏமாறுவது அரிது.