மின்கலமில்லா உணர்கருவி எட்டும் தூரம்

(ஓரிக்கையில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நிலத்தின் ஈரத்தைத் தானே அளந்து, கம்பியும் மின்கலமும் இன்றி நமக்குச் சேதி சொல்லும் சிறு கருவிகள் இன்று விற்பனைக்கு வந்துள்ளன. அண்மையில் ஒரு வியாபாரி நம்மிடம் வந்து, வரப்பில் ஒரு கம்பம் நட்டால் 100 மீட்டர் வரையிலுள்ள கருவிகள் யாவும் பேசும் என்று கூறினார். பொதுப் பணத்தைச் செலவிடுமுன் அக்கூற்றைச் சரிபார்ப்பது நம் கடமையாகும்.

இத்தகைய கருவி நமக்கு முற்றிலும் புதியதன்று. பரனூர் சுங்கச்சாவடியைக் கடக்கும் வண்டிகளின் கண்ணாடியில் ஒட்டியுள்ள பாஸ்டேக் வில்லையைப் பார்த்திருக்கிறோம். 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் அது கட்டாயமாக்கப்பட்டது. அவ்வில்லையில் மின்கலம் கிடையாது. சாவடியிலுள்ள படிப்புக் கருவி வீசும் ரேடியோ அலையிலிருந்தே அது தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற்று, அவ்வலையையே சற்று மாற்றித் திருப்பியனுப்பித் தன் எண்ணைத் தெரிவிக்கிறது. வண்டி சில மீட்டர் தொலைவுக்கு நெருங்கிய பின்னரே இது நடைபெறுகிறது. காரணம் என்ன?

திருவிழாப் பந்தலின் பெட்ரோமாக்ஸ் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். தொலைவு இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகும். பத்து மடங்கானால் நூற்றில் ஒரு பங்காகும். ரேடியோ அலைக்கும் இதே விதிதான்.

இப்பொழுது கணக்கிடுவோம். இவ்வகைக் கருவிகள் நம் நாட்டில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் இயங்குகின்றன. அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். வீசும் வலிமை 4 வாட் என்று வைத்துக்கொண்டால், எளிய ஏரியல் உடைய உணர்கருவிக்கு 1 மீட்டரில் சுமார் 3 மில்லிவாட் கிடைக்கும். 10 மீட்டரில் 30 மைக்ரோவாட். 100 மீட்டரில் 0.3 மைக்ரோவாட் மட்டுமே. கருவிக்கு 30 மைக்ரோவாட் தேவையெனில், அதன் எல்லை 10 மீட்டர். 120 மைக்ரோவாட் தேவையெனில் 5 மீட்டர்தான். முதற்கருவியை 100 மீட்டரில் இயக்க 400 வாட் வீச வேண்டும். அதற்குச் சட்டம் இடந்தராது.

இதுவும் தடையற்ற வெளியில் கிடைக்கும் அளவே. ஏரியலின் கிடை சரியாகப் பொருந்தாமல் பாதி வலிமை வீணானால், 10 மீட்டர் 7 மீட்டராகக் குறையும். நீர் இவ்வலையை உறிஞ்சுமாதலால், ஈரமண்ணும் வளர்ந்த நெற்பயிரும் மேலும் குறைக்கும். பம்ப் கொட்டகையின் இரும்புத் தகடு அலையை மறிக்கும்.

திரும்பி வரும் சேதியோ போக, வர இருமுறை தேய்கிறது. ஆயினும் படிப்புக் கருவியின் செவி மிகக் கூர்மையாதலால், பெரும்பாலும் எல்லையை வகுப்பது போகும் மின்சாரமே. சில கருவிகள், ஊற்று நீர் கிணற்றில் சேர்வதுபோல், மின்சாரத்தைச் சிறிது சிறிதாகச் சேமித்துப் பின்னர் அளந்து சொல்லும். அவற்றின் எல்லை சற்று நீளும். ஆனால் சேதி தாமதமாகும்.

ஆகவே, மூன்று காரியங்களைச் செய்வோம். முதலாவதாக, கருவிக்கு எத்தனை மைக்ரோவாட் தேவை என்பதை வியாபாரியிடம் எழுத்தில் பெறுவோம். இரண்டாவதாக, பயிர் முற்றியிருக்கும்போது, நீர் பாய்ச்சிய மறுநாள், வயலிலேயே சோதிப்போம். ஒவ்வொரு மீட்டராக விலகிச் சென்று, பத்து முறைக்குப் பத்து முறையும் விடை வரும் கடைசி இடத்தைக் குறித்து, அதில் மூன்றில் இரண்டு பங்கையே நம்பத்தக்க எல்லையாகக் கொள்வோம். மூன்றாவதாக, தொலைவிலுள்ள மதகுக்கும் வயலுக்கும் மின்கலமோ சிறு சூரிய ஒளித் தகடோ உள்ள கருவியை நாடுவோம். தன் சொந்த மின்சாரத்தில் பேசும் கருவி, திறந்த வெளியில் கிலோமீட்டர் கணக்கில் எட்டக்கூடும். கையில் படிப்புக் கருவியுடன் வரப்பில் நடந்து அளப்போருக்கு மின்கலமில்லாதது போதும்.

நமக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. கணக்குக் காட்டாதவர் வாரியத்துக்குத் தகுதியற்றவர் என்றும் விதிக்கின்றன. அம்மரபில் வந்த நாம், கணக்குப் பார்த்த பின்னரே கையெழுத்திடுவோமாக.