கோப்புகளுக்கு ஓர் ஒட்டுக்கடை

கணினியில் ஒரு கோப்புறையைத் திறக்கிறீர்கள். கடிதம், திருமணப் படம், பிள்ளையின் பள்ளி வேலை எல்லாம் வரிசையாகத் தெரிகின்றன. வட்டுக்குள் உண்மையில் இருப்பவை வெறும் எண்கள். எந்த எண் எந்தக் கோப்புக்கு உரியது என்று கணக்கு வைத்திருப்பதுதான் கோப்பு முறைமை.

இந்தக் கணக்குப்பிள்ளை நெடுங்காலமாக இயங்குதளத்தின் உள்ளறையில், அதாவது 'கெர்னல்' என்ற பகுதியில்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தார். அங்கே சிறு பிழை நேர்ந்தாலும் கணினி முழுதும் நின்றுவிடக்கூடும். 2024 ஜூலை 19ஆம் தேதி நினைவிருக்கிறதா? ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பால் சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. அது கோப்பு முறைமை அல்ல. ஆனால் பிழை வெடித்தது அதே உள்ளறையில்.

அப்படியானால் கணக்குப்பிள்ளையை வெளியே உட்கார வைத்தால் என்ன? நம் பினாங்குக் கோப்பிக்கடையை எண்ணிப் பாருங்கள். மேசையும் தண்ணீரும் கடைக்காரருடையவை. மீ கோரெங் போடுபவர் ஓர் ஓரத்தில் ஒட்டுக்கடை வைத்திருக்கிறார். அவர் அடுப்பு அணைந்தால் மீ கோரெங் கிடைக்காது, அவ்வளவுதான். கடை திறந்தே இருக்கும்.

லினக்சில் 'ஃபியூஸ்' செய்வது இதைத்தான். மிக்லோஷ் செரெடி உருவாக்கிய இது, 2005இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. நீங்கள் கோப்புறையைத் திறந்ததும் கெர்னல் அந்தக் கேள்வியை வெளியே உள்ள சாதாரண நிரலிடம் தள்ளிவிடுகிறது: என்னென்ன கோப்புகள், எவ்வளவு அளவு, உள்ளே என்ன? நிரல் எங்கிருந்து பதில் கொண்டுவந்தாலும் பயனருக்கு அது கோப்புறைதான். மேக் கணினிக்கு இதை 2007இல் கொண்டுவந்தவர் அமித் சிங். விண்டோஸுக்கு டோக்கன், வின்எஃப்எஸ்பி என்பவை வந்தன.

இந்தக் கதையில் சிதம்பரமும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி, அமெரிக்காவில் 'தண்டர்' மீக்கணினியைக் கட்டிய நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர். 2004 ஜூனில் அது உலகப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. அடுத்து அவர் தொடங்கியது குளஸ்டர். பல கணினிகளின் வட்டுகளை ஒரே கோப்புறையாகக் காட்டும் முறைமை அது. பயனர் பக்கம் அது நிற்பது ஃபியூஸின் மேல்தான்.

2011இல் லினக்சைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே, உள்ளறைக்கு வெளியே கோப்பு முறைமை எழுதுவது விளையாட்டுப் பொருளுக்குத்தான் சரி என்ற பொருளில் சொல்லிவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் ரெட்ஹாட் நிறுவனம் குளஸ்டரை ஏறத்தாழ 136 மில்லியன் டாலருக்கு வாங்கியது. விலை உயர்ந்த விளையாட்டுப் பொருள்தான்! தன் வணிகப் பதிப்புக்கான ஆதரவை ரெட்ஹாட் 2024 இறுதியில் நிறுத்தியது வேறு கதை.

லினஸ் சொன்னதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு கேள்வியும் உள்ளறைக்கும் வெளியறைக்கும் போய்வர வேண்டும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் அந்த நடையே பெரும் நேரம் தின்னும்.

கெலுகோர் மிண்டன் வளாகத்தில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும், வீட்டில் நிரல் எழுதிப் பழகுபவர்களும் இதைத் தாராளமாக முயன்று பார்க்கலாம். ஒரே ஒரு கோப்பைக் காட்டும் முறைமைக்கு நூறு வரி நிரல் போதும். படிப்பது எளிது, எழுதுவதில்தான் ஆபத்து. 'எழுதியாயிற்று' என்று உங்கள் நிரல் பதில் சொன்னால் மேலே உள்ள மென்பொருள் நம்பிவிடும். பயனரும் கணினியை அணைத்துவிட்டுப் படுக்கப் போவார். ஆனால் எழுத்து இன்னும் நினைவகத்திலேயே நின்றிருந்தால்? ஒரு மாணவியின் ஆய்வேடு காலையில் இராது. கணினி விழாமல் தப்பியது அவருக்கு என்ன ஆறுதல்?

அதனால் வேகத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் நகல் கோப்புகளை மட்டும் வைத்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்துங்கள். மீண்டும் திறந்து, சேமித்ததாகச் சொன்ன ஒவ்வோர் எழுத்தும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பத்து முறை செய்து பார்த்த பிறகு உங்கள் சொந்தப் படங்களை அதில் வையுங்கள். அடுத்தவர் கோப்பு அதற்கும் பிறகுதான்.