பழவேற்காட்டில் தலைக்கட்டும் கல்வியும்

அறிஞர் பெருமக்களே, கோட்டைக்குப்பத்திலிருந்தும் ஆண்டிக்குப்பத்திலிருந்தும் நடுவூர் மாதாகுப்பத்திலிருந்தும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிராமத்துப் பெரியவர்களே, தாய்மார்களே,

 மரபுவழித் தலைமையின்கீழ் வாழும் கிராமங்கள் திறமை பெற்றவர்களை ஊரிலேயே தங்கச் செய்வது எங்ஙனம் என்னும் விஷயத்தை, சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் தேசத்தின் பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டை முன்னிறுத்தி இந்தச் சபை ஆராய முற்பட்டது மிகவும் பொருத்தமே.

இங்குள்ள மீனவர்களான பட்டினவர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் பாடு முறையிடம் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஏரியில் இறால் மிகுந்த இடங்கள் எவருக்கும் தனிச்சொத்தாகாமல் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பங்கிடப்படுவதால், வசதி படைத்தவன் முந்திக்கொள்ளவும் எளியவன் கரையில் ஏங்கி நிற்கவும் அங்கே வழியில்லை. நீரோட்டத்தின் போக்கறிந்து கழி ஊன்றிச் சுத்துவலை கட்டுபவனுடைய ஞானமும் கல்விதான். அது எந்தப் பட்டத்துக்கும் தாழ்ந்ததன்று.

ஆயினும் இந்த நியாயத்துக்குள் நுழையும் வாசல் ஒன்றே. மணமான ஆண்மகன் தலைக்கட்டாகி ஊர்வரி செலுத்தினால்தான் பாடுரிமையும் பஞ்சாயத்தில் பேசும் உரிமையும் கிடைக்கும். இந்தக் கணக்கில் விடுபட்டவர்கள் என்ன ஆவார்கள் என்பதை 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரை கண்டது. தலைக்கட்டுப் பட்டியலைக்கொண்டு நிவாரணம் பங்கிடப்பட்ட பல ஊர்களில், கணவனை இழந்த பெண்கள் தம் பங்குக்காக மன்றாட நேர்ந்தது.

அருகில் பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கே பயின்று, ஏரியின் உப்புத்தன்மையையும் இறாலின் இனப்பெருக்கத்தையும் ஐயந்திரிபறக் கற்றுத் தேர்ந்த மீனவர் மகள் ஒருத்தி ஊர் திரும்பினால், முகத்துவாரம் மணல்மூடுவதைப் பற்றிக் கிராமத்தார் கூடிப் பேசும்போது அவளுக்கு அச்சபையில் இடம் உண்டா? பக்கத்திலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றிய சுற்றுச்சூழல் அறிக்கையை வரிவரியாகப் படித்துச் சொல்ல ஆளின்றி ஊர் திகைக்கையில், படிக்கத் தெரிந்த பிள்ளைகள் சென்னையில் யாரோ ஒருவருடைய கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் குறைவென்பதால் மட்டும் அவர்கள் போகவில்லை. ஊரில் தமக்கு ஸ்தானம் இல்லை என்பதாலும் போகிறார்கள் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவைப் பாருங்கள். ராக்கெட் ஏவும் நாளில் நம் மீனவர்கள் கடலுக்குப் போகாமல் கரையில் காத்திருக்கிறார்கள். ஏவுகிறவர்களோ தேசத்தின் நாலா திசைகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். வீடும் பள்ளியும் வைத்தியசாலையும் அமைத்து, அவரவர் வித்தைக்கு உரிய பொறுப்பையும் கொடுத்ததனால் வந்தார்கள். அத்தனை பொருட்செலவு கிராமத்தால் ஆகாது. பொறுப்புக் கொடுப்பதற்கு மட்டும் அரசாங்க மானியம் எதுவும் வேண்டியதில்லை.

பெரியவர்களே, பாடு முறையைக் குலைக்கும்படி நான் கேட்கவில்லை. கற்ற மகனுக்கும் மகளுக்கும், மணமாயினும் ஆகாவிட்டாலும், பஞ்சாயத்தில் ஆசனம் தாருங்கள். ஊர்வரியில் ஒரு பகுதியை ஒதுக்கி, முகத்துவாரத்தின் ஆழத்தையும் அன்றாட மீன்பாட்டையும் குறித்துவைக்கும் வேலையை அவர்களிடம் ஒப்படையுங்கள். கழி ஊன்றும் இடத்தை அவர்களுக்கு நீங்களே காட்டிக்கொடுங்கள். இந்த யோசனையில் குறை கண்டால், கட்டுரைகள் வாசிக்கத் தொடங்குமுன் இந்தச் சபையிலேயே சொல்லுங்கள். முதலில் உங்கள் வார்த்தையைக் கேட்கவே விரும்புகிறேன்.